ஜூஹுவில் இறங்கிய விமானமும் பாந்த்ராக் கடலில் விழுந்த விமானமும்: சிமுலேட்டருக்குத் திரையா, ஹெட்செட்டா?

1972ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் காலை. லண்டனிலிருந்து பல நகரங்களைத் தொட்டு டோக்கியோ நோக்கிச் சென்றுகொண்டிருந்த ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி-8 விமானம் பம்பாயில் இறங்க வேண்டியிருந்தது. இறங்கவும் செய்தது. ஆனால் சாந்தாகுருஸ் பன்னாட்டு விமான நிலையத்தில் அன்று. அதற்கு மேற்கே, கடற்கரையை ஒட்டிக் கிடந்த ஜூஹு விமானத்தளத்தில். சிறு விமானங்களுக்காக அமைந்த, சுமார் 1,140 மீட்டர் நீளமே உள்ள அந்த ஓடுபாதையில் நான்கு எந்திரங்கள் கொண்ட ஜெட் விமானம் நிற்க இடமில்லை. பாதையைத் தாண்டி ஓடி, மீண்டும் பறக்கவியலாத நிலையில் சிதைந்து நின்றது. அதில் இருந்த 122 பேரில் எவரும் இறக்கவில்லை என்பது நற்பேறு.

இது முதல் முறையும் அன்று. 1953 ஜூலை 15 அன்று, உலகின் முதல் பயணிகள் ஜெட் விமானமான காமெட் ஒன்று, பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. நிறுவனத்துக்குரியது, இதே போல ஜூஹுவைச் சாந்தாகுருஸ் என்று எண்ணி இறங்கியது. அதை அங்கிருந்து கிளப்பிக்கொண்டு போக ஏறத்தாழ ஒன்பது நாள் ஆயிற்று. இரண்டு தளங்களும் ஒரே கடற்கரையில், ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தொலைவில், ஏறக்குறைய ஒரே திசையில் நீளும் ஓடுபாதைகளோடு அமைந்தவை. மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு முதலில் தென்படும் பாதையே தேடி வந்த பாதையாகிவிடுகிறது.

விமானம் ஓட்டப் பழகும் இளைஞர்களும், வீட்டுக் கணினியில் பறப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்களும் இன்று கேட்கும் ஒரு கேள்விக்கு இந்த நிகழ்ச்சி நெருங்கிய உறவுடையது. சிமுலேட்டருக்கு நல்ல மானிட்டர் வாங்குவதா, தலையில் அணியும் விஆர் ஹெட்செட் வாங்குவதா என்பதே அந்தக் கேள்வி. விலையும் பிக்சலும் பற்றிய கேள்வியாக இது தோன்றும். ஆனால் விமானிக்கு எதைக் காட்ட வேண்டும், எதைக் காட்டாமல் மறைக்க வேண்டும் என்ற வாதம் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது. அதன் முக்கியமான பாடங்கள் சில பம்பாயின் வானிலேயே எழுதப்பட்டவை.

மூடிய பெட்டியின் காலம்

இந்தியாவின் தொடக்ககால விமான வரலாற்றில் ஜூஹுவுக்குத் தனி இடம் உண்டு. 1928இல் தொடங்கிய அந்தத் தளத்துக்குத்தான் 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அஞ்சல் பைகளோடு ஒற்றை எந்திரப் புஸ் மாத் விமானத்தில் வந்து சேர்ந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அந்த அஞ்சலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சென்றார். அந்நாளைய விமானிகள் கண்ணை நம்பிப் பறந்தார்கள். ஆறும் இருப்புப்பாதையும் மலையுமே வழிகாட்டிகள். மழைக்காலத்தில் ஜூஹு சேற்று நிலமாகிவிட, சேவை புனேக்கு மாற்றப்பட்டது. மேகமும் மழையும் கண்ணை மறைக்கும்போது என்ன செய்வது என்பதே அக்காலத்தின் பெருங்கவலை.

அதற்கான விடை வேறொரு கண்டத்தில் உருவாகிக்கொண்டிருந்தது. 1929 செப்டம்பர் 24 அன்று அமெரிக்காவில் ஜிம்மி டூலிட்டில் என்னும் விமானி, வெளியே எதுவும் தெரியாதபடி மூடப்பட்ட இருக்கையில் அமர்ந்து, கருவிகளை மட்டுமே பார்த்து விமானத்தைக் கிளப்பிச் சுற்றிவந்து இறக்கிக் காட்டினார். அதே ஆண்டு எட்வின் லிங்க் என்பவர் தம் பயிற்சிப் பெட்டிக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். அவருடைய குடும்பத்தார் பிங்ஹாம்டன் நகரில் ஆர்கன், தானே வாசிக்கும் பியானோ ஆகியவற்றைச் செய்துவந்தனர். அவற்றின் துருத்திகளையும் காற்றுக் குழாய்களையும் கொண்டு, விமானியின் கையசைவுக்கேற்பச் சாயவும் திரும்பவும் கூடிய மரப்பெட்டியை லிங்க் அமைத்தார். முதலில் அதை வாங்கியவை பெரும்பாலும் கேளிக்கைப் பூங்காக்களே.

1934இல் நிலைமை மாறிற்று. அமெரிக்க இராணுவ விமானப் பிரிவு அஞ்சல் சேவையை ஏற்ற சில வாரங்களிலேயே, மோசமான வானிலையில் கருவிப் பறப்புப் பழகாத இளம் விமானிகள் பலர் மாண்டனர். அதன் பிறகே இராணுவம் லிங்க்கின் பெட்டிகளை வாங்கியது, முதலில் ஆறு. இரண்டாம் உலகப் போருக்குள் அது நேச நாடுகளின் விமானிகள் பல்லாயிரவர் அமர்ந்து பழகிய பெட்டியாயிற்று.

அந்தப் பெட்டியில் ஜன்னல் இல்லை என்பது இங்கே கவனிக்கத்தக்கது. மேலே மூடியைப் போட்டுவிட்டால் உள்ளே கருவிகள் மட்டுமே. ஜன்னல் இல்லாமை அதன் குறையன்று. அதன் நோக்கமே அதுதான். உட்செவி சொல்வதை நம்பாதே, கருவி சொல்வதை நம்பு என்ற ஒரே பாடத்தைக் கற்பிக்கப் பிறந்த பொறி அது.

ஜன்னல் திறந்த கதை

ஆனால் விமானம் இறுதியில் தரையில் இறங்க வேண்டும். இறங்கும் கடைசி நிமிடங்களில் விமானி வெளியே பார்த்தாக வேண்டும். ஆகவே போருக்குப் பின் பொறியாளர்கள் ஜன்னலைத் தேடினர். நிலப்பரப்பைச் சிறு அளவில் ஒரு பெரிய பலகையில் செய்து, அதன் மேல் நகரும் கேமரா காட்டும் படத்தை விமானி முன் ஒளிபரப்புவது ஒரு வழி. ஒரு கூடம் அளவு பலகையில் ஒரே ஒரு விமான நிலையமும் அதன் சுற்றுப்புறமும்தான் அடங்கும்.

இத்தகைய பாவனைக் காட்சி ஓர் அரிய உண்மையையும் வெளிக்கொணர்ந்தது. 1960களின் இறுதியில் போயிங் நிறுவனத்தைச் சேர்ந்த கான்ராட் கிராஃப்ட், விளக்குகள் ஒளிரும் மாதிரி நகரம் ஒன்றை அமைத்து, அனுபவமிக்க விமானிகளை இருண்ட நிலத்தின் மீது அதை நோக்கி இறங்கச் செய்தார். உயரமானியைப் பார்க்காமல் கண்ணளவில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் ஓடுபாதையை எட்டுமுன்பே தரையைத் தொடும் அளவுக்குத் தாழப் பறந்தனர். இடையில் இருள், தொலைவில் விளக்குகள் என்ற அமைப்பு கண்ணை ஏமாற்றுகிறது என்பது இப்படி நிறுவப்பட்டது. இரவில் அரபிக்கடலின் மேலிருந்து பம்பாய் விளக்குகளை நோக்கி வரும் விமானியின் நிலையும் இதற்கு ஒப்பானதே.

1960களில் கணினி வரைகலை வந்தது. இங்கே வரலாறு ஒரு வேடிக்கையான திருப்பத்தைக் கொண்டுள்ளது. தலையில் அணிந்து, தலை திரும்பும்போது காட்சியும் திரும்பும் கருவியை 1968இல் உலகுக்கு அறிவித்தவர் ஐவன் சதர்லாந்து. கண்ணுக்கு முன் சிறு படக்குழாய்கள், தலையின் நிலையை அளக்கக் கூரையிலிருந்து தொங்கும் பொறி என அமைந்த அதை, தலைக்கு மேல் தொங்கும் வாளைப் பற்றிய கிரேக்கக் கதையை வைத்து டாமக்ளிஸின் வாள் என்றே அழைத்தனர். இன்றைய ஹெட்செட் அனைத்துக்கும் அதுவே மூதாதை. அதே 1968இல் சதர்லாந்து டேவிட் எவன்ஸோடு சேர்ந்து யூட்டாவில் தொடங்கிய நிறுவனம் பின்னாளில் பெயர் பெற்றது சிமுலேட்டர்களுக்கான காட்சி உருவாக்கத்தில். ஆனால் அந்தக் காட்சிகள் தலையணியில் தெரியவில்லை. விமானி அறையின் ஜன்னலுக்கு வெளியே வைத்த திரைகளில் தெரிந்தன. ஹெட்செட்டின் தந்தையே திரைக்குத் தொழில் செய்தார்.

காரணம் எளியது. அக்காலத் தலையணி கனமானது, மங்கலானது, ஒருவருக்கு மட்டுமானது. விமானி அறையில் இருவர் அல்லது மூவர் அமர்ந்து ஒரே ஓடுபாதையைப் பார்க்க வேண்டும். 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ரெடிஃப்யூஷன் நிறுவனம் பெரிய வளைந்த கண்ணாடியைப் பயன்படுத்தும் முறையைக் கொண்டுவந்தது. திரையில் விழும் படம் அந்தக் கண்ணாடியில் பிரதிபலிக்கும்போது ஒளிக்கதிர்கள் இணையாக வருகின்றன. ஆகவே ஓடுபாதை இரண்டு மீட்டர் தொலைவிலுள்ள படமாகத் தோன்றாமல் அடிவானத்தில் உள்ள பொருளாகத் தோன்றுகிறது. இடப்பக்க விமானியும் வலப்பக்க விமானியும் அதைச் சரியான கோணத்தில் காண்கிறார்கள். 1980இல் அமெரிக்க விமானத்துறை வகுத்த திட்டம், மிக உயர்ந்த தரமுள்ள சிமுலேட்டரில் பழகிய விமானி, பயணிகளற்ற பயிற்சிப் பறப்பு இல்லாமலேயே புதிய வகை விமானத்துக்கு மாற வழி திறந்தது. இன்றும் விமான நிறுவனங்களின் முழுநிலைச் சிமுலேட்டர்கள் மிகப் பெரும்பாலும் இந்தக் கண்ணாடி முறையையே நம்பியிருக்கின்றன.

பம்பாயின் மூன்று பாடங்கள்

திரையா, தலையணியா என்று தீர்மானிக்குமுன் விமானியின் கண் எப்படியெல்லாம் தவறும் என்று பிரித்தறிய வேண்டும். அதற்குப் பம்பாயின் மூன்று நிகழ்ச்சிகள் போதும்.

முதலாவது மேலே சொன்ன 1972. அங்கே தவறியது அடையாளம். விமானம் நேராக இருந்தது, உயரம் அடங்கியிருந்தது, பார்வையும் இருந்தது. பார்த்த பாதை எது என்பதே பிழை.

இரண்டாவது 1978 ஜனவரி 1. ஏர் இந்தியாவின் முதல் போயிங் 747ஆன எம்பரர் அசோகா, புத்தாண்டு இரவில் சாந்தாகுருஸிலிருந்து துபாய்க்குக் கிளம்பியது. கரையைக் கடந்ததும் வலப்புறம் சற்றுத் திரும்பி, மீண்டும் நேர்நிலைக்கு வந்தது. ஆனால் விமானம் எப்பக்கம் சாய்ந்துள்ளது என்று காட்டும் செயற்கை அடிவானக் கருவி, தலைமை விமானியின் பக்கத்தில், விமானம் இன்னும் வலப்புறம் சாய்ந்திருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது. அதைத் திருத்துவதாக எண்ணி அவர் இடப்புறம் சாய்த்தார். மேலும் சாய்த்தார். கீழே விளக்கற்ற கடல், மேலே இருண்ட வானம். கருவியின் பொய்யை மறுக்க வெளியே அடிவானம் இல்லை. கிளம்பிய 101 நொடிகளில் பாந்த்ராக் கரைக்கு அப்பால் விமானம் கடலில் விழுந்தது. 213 பேரும் மாண்டனர். துணை விமானியின் பக்கத்தில் மற்றொரு அடிவானக் கருவி இருந்தது. மூன்றாவதாக மாற்றுக் கருவியும் இருந்தது. பறப்புப் பொறியாளர் அதை நோக்கித் தலைமை விமானியின் கவனத்தைத் திருப்ப முயன்றதாகவே விமானி அறையின் ஒலிப்பதிவு உணர்த்தியது. இங்கே தவறியது நிலையுணர்வு. மருந்து, ஒரு கருவியை மற்றொன்றோடு ஒப்பிடும் பழக்கமும், அருகில் இருப்பவர் சொல்லுக்குச் செவிசாய்க்கும் பழக்கமும்.

மூன்றாவது 1982 ஜூன் 22. கோலாலம்பூரிலிருந்து சென்னை வழியாகப் பம்பாய்க்கு வந்த ஏர் இந்தியாவின் போயிங் 707, பருவமழை கொட்டும் இரவில் இறங்குகையில் தரையில் கடுமையாக மோதிச் சிதைந்தது. 111 பேரில் 17 பேர் இறந்தனர். தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்ற உணர்வு பிசகி, எந்திர விசை முன்கூட்டியே குறைக்கப்பட்டது என்பது விசாரணையின் முடிவு. இங்கே தவறியது உயரத்தின் மதிப்பீடு.

அடையாளம், நிலை, உயரம். சிமுலேட்டர் கற்பிக்க வேண்டியவை இந்த மூன்றும் எனலாம். மூன்றுக்கும் வெவ்வேறு வகையான காட்சி வேண்டும் என்பதே சிக்கல்.

தலையணி திரும்பி வந்தது

தலையணி ஆய்வு நின்றுவிடவில்லை. அமெரிக்க விமானப்படையின் ரைட்-பேட்டர்சன் தளத்தில் தாமஸ் ஃபர்னஸ் 1980களில் போர்விமானிக்கான மெய்நிகர் விமானி அறையைத் தலைக்கவசத்துக்குள் அமைத்துக் காட்டினார். ஆனால் அத்தகைய கருவிகளின் விலை அரசுகளுக்கே உரியது.

2012இல் ஓகுலஸ் நிறுவனம் பொதுமக்களிடம் நிதி திரட்டி ஹெட்செட் செய்யத் தொடங்கியதும், 2016இல் அதுவும் எச்டிசி வைவ் கருவியும் கடைகளுக்கு வந்ததும் கதை மாறிற்று. கைப்பேசிகளுக்காகப் பெருமளவில் செய்யப்பட்ட சிறிய, கூர்மையான திரைகளும் அசைவுணரிகளும் இந்த மாற்றத்தின் அடிப்படை. 2018இல் அமெரிக்க விமானப்படை டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் ஹெட்செட்டைக் கொண்டே தொடக்கப் பயிற்சி அளிக்கும் சோதனைத் திட்டத்தை நடத்தியது. 2020 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் ஹெட்செட்டை ஏற்றது. 2021 ஏப்ரலில் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை, ஹெட்செட்டை அடிப்படையாகக் கொண்ட பயிற்சிக் கருவி ஒன்றுக்கு முதன்முறையாக ஒப்புதல் வழங்கியது. சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்று செய்த அது, ராபின்சன் ஆர்22 ஹெலிகாப்டருக்கானது.

முதல் ஒப்புதல் ஹெலிகாப்டருக்குக் கிடைத்தது தற்செயலன்று. ஹெலிகாப்டர் விமானி காலடிக்குக் கீழே பார்க்க வேண்டும். தரைக்குச் சில மீட்டர் மேலே நிலைத்து நிற்க வேண்டும். ஆழத்தை உணர இரு கண்களும் சேர்ந்து தரும் உணர்வு அருகிலுள்ள பொருள்களுக்கே நன்கு பயன்படும். பத்துக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓடுபாதைக்கு அதனால் பயனில்லை. ஆகவே ஹெட்செட்டின் பெருமையாகச் சொல்லப்படும் முப்பரிமாண உணர்வு, பயணிகள் விமானத்தைவிட ஹெலிகாப்டரிலும் சிறு விமானத்தின் கடைசிச் சில நொடிகளிலும்தான் கைகொடுக்கும்.

கணக்கு சொல்வது

கூர்மையைப் பற்றிய வாதத்தை ஒரு சிறு கணக்கால் தெளிவாக்கலாம். நல்ல பார்வையுள்ள கண் ஒரு பாகையில் ஏறத்தாழ 60 புள்ளிகளைப் பிரித்தறியும். 45 மீட்டர் அகலமுள்ள ஓடுபாதை, 10 கிலோமீட்டர் தொலைவில் சுமார் 0.26 பாகை அகலமாகத் தெரியும்.

2016ஆம் ஆண்டின் ஹெட்செட்டில் ஒரு பாகைக்கு ஏறக்குறைய 12 பிக்சல். அதில் அந்த ஓடுபாதையின் அகலம் மூன்று பிக்சல். பாதை இருக்கிறது என்றே தெரியாது. இன்று பரவலாக விற்கும் மெட்டா குவெஸ்ட் 3இல் பாகைக்கு 25 பிக்சல் என்கிறது அந்நிறுவனம். அதில் ஆறு பிக்சல். கிடைமட்டமாக 2,560 பிக்சல் கொண்ட 27 அங்குல மானிட்டரை 60 சென்டிமீட்டர் தொலைவில் வைத்தால், திரையின் நடுவில் பாகைக்கு ஏறத்தாழ 45 பிக்சல்; ஓடுபாதை பன்னிரண்டு பிக்சல். மானிட்டர் வென்றதாகத் தோன்றும்.

ஆனால் இங்கே பலர் கவனியாத ஒன்று உண்டு. அந்த மானிட்டர் கண்ணில் அடைக்கும் இடம் 53 பாகை மட்டுமே. அவ்வளவு குறுகிய ஜன்னல் வழியே பார்த்தால் கருவிப் பலகையும் பக்கவாட்டும் தெரியா. ஆகவே பறப்பவர்கள் பார்வைக் கோணத்தை 90 பாகையாக விரித்து, அந்தக் காட்சி முழுவதையும் அதே திரைக்குள் அடைத்துக்கொள்கின்றனர். உடனே நடுவிலுள்ள ஓடுபாதை உண்மை அளவில் பாதியாகச் சுருங்குகிறது. பன்னிரண்டு பிக்சல் ஆறாகிறது. கூர்மையில் மானிட்டருக்கு இருந்த மேன்மை மறைந்தது மட்டுமன்று. எல்லாப் பொருளும் இருமடங்கு தொலைவில் இருப்பதாகக் கண் பழகுகிறது. உயரத்தையும் தொலைவையும் கண்ணளவில் மதிப்பிடப் பழகுபவருக்கு இது தீங்கு. ஹெட்செட்டில் இந்தச் சுருக்கம் இல்லை. அதில் ஒரு பாகை ஒரு பாகையாகவே தெரிகிறது.

மறுபக்கமும் உண்டு. ஹெட்செட் இரு கண்களுக்கும் தனித்தனியே, நொடிக்கு 72 அல்லது 90 முறை படம் வரைய வேண்டும். கணினி தடுமாறினால் காட்சி தலையசைவுக்குப் பின்தங்கும், குமட்டல் வரும். கண் காண்பதும் உட்செவி உணர்வதும் முரண்படுவதால் வரும் இந்த நோய் புதியதன்று. அமெரிக்கக் கடற்படையின் ஹெலிகாப்டர் சிமுலேட்டரில் இது 1957இலேயே பதிவாகியுள்ளது. மானிட்டரிலோ நொடிக்கு 30 படம் வந்தாலும் பயணிகள் விமானத்தை ஓட்டிவிடலாம். மேலும் ஹெட்செட் அணிந்தவருக்குத் தம் கை தெரியாது. விசைப்பலகை, தாளில் அச்சிட்ட வரைபடம், சரிபார்ப்புப் பட்டியல் எதுவும் தெரியாது. உண்மை விமானத்தில் சுவிட்சைத் தேடிச் செல்லும் விரலின் பழக்கமே பாதிப் பயிற்சி; ஹெட்செட்டில் பலரும் அந்த இடத்தைச் சுட்டியால் சொடுக்கி முடிக்கிறார்கள்.

தாராவி, மாதுங்கா, செம்பூர்

மும்பையில் இந்தத் தெரிவை முதலில் முடிவு செய்வது இடம். தாராவியில் பத்தடிக்குப் பத்தடிக் கோலியில் ஒரு குடும்பம் வாழ்வது இயல்பு. மூன்று மானிட்டர்களை வளைத்து வைக்க ஒன்றரை மீட்டருக்கு மேல் அகலமான மேசை வேண்டும். அதை அங்கே நிரந்தரமாக வைக்க இயலாது. ஹெட்செட்டோ அலமாரியில் அடங்கும். இதனால் இடமில்லாதவருக்கு ஹெட்செட் ஏற்றது என்று சொல்லத் தோன்றும். ஆனால் அதை இயக்கத் தேவையான வலுவான கணினியின் விலை, லேமிங்டன் சாலைக் கடைகளில் விசாரித்தால், ஹெட்செட்டின் விலையை எளிதில் மிஞ்சும். பழைய கணினியும் ஒற்றை மானிட்டரும் இலவசமாகக் கிடைக்கும் ஃபிளைட்கியர் மென்பொருளும் கொண்டு தொடங்குபவருக்கு அந்தச் செலவு இல்லை.

இரண்டாவது, காற்று. மே மாதப் புழுக்கத்தில் முகத்தை மூடும் நுரைப்பஞ்சு அரைமணியில் நனைந்துவிடும். மழைக்காலத்தில் கண்ணாடி வில்லைகளில் ஆவி படியும். குளிரூட்டிய அறைக்கும் குளிரூட்டாத அறைக்கும் இடையே ஹெட்செட்டின் பயன் வெகுவாக மாறுகிறது.

மூன்றாவது, மனிதர். இதுவே பெரிதும் மறக்கப்படுவது. ஹெட்செட் அணிந்தவர் அறையிலிருந்து மறைந்துவிடுகிறார். மானிட்டர் முன் அமர்ந்தவருக்கு அருகில் தம்பியோ தங்கையோ அமர்ந்து சரிபார்ப்புப் பட்டியலை உரக்கப் படிக்கலாம், உயரத்தைச் சொல்லலாம், தவறைச் சுட்டலாம். 1978இல் எம்பரர் அசோகாவின் விமானி அறையில் வேண்டியிருந்த பழக்கம் இதுவே. ஒருவர் பறக்க மற்றவர் கண்காணிக்கும் இரட்டைப் பழக்கத்தை ஒற்றைத் திரையும் இரண்டு நாற்காலியும் கற்பிக்கும். தனியே அணிந்த ஹெட்செட் கற்பிக்காது.

மாதுங்காவின் பழைய அடுக்கு வீடுகளில் படிப்பறைக்கு இடமுள்ள குடும்பங்களுக்கும், சாந்தாகுருஸின் இரண்டாம் ஓடுபாதையின் நீட்சிக் கோட்டில் அமைந்த செம்பூரில் அந்த விமானங்களை அண்ணாந்து பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் கேள்வி சற்று வேறு. அவர்களிற் சிலர் உண்மையாகவே விமானி உரிமம் பெற எண்ணுபவர்கள். இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரப் பறப்பு வேண்டும். வீட்டுச் சிமுலேட்டரில் கழித்த மணிகள், எந்தத் திரையானாலும் எந்தத் தலையணியானாலும், அந்தக் கணக்கில் சேரா. ஆனால் அவை பழக்கத்தில் சேரும், நல்லதும் கெட்டதும். ஆகவே எந்தக் கருவி எந்தப் பழக்கத்தை வளர்க்கிறது என்பதை அறிந்து வாங்குவது கட்டாயம்.

தெரிவு

மூன்று பாடங்களின் மேல் இரண்டு கருவிகளையும் வைத்துப் பார்த்தால் விடை இவ்வாறு அமைகிறது.

நிலையுணர்வைப் பழக, அதாவது கருவிகளை மாறிமாறிப் பார்த்து ஒப்பிட, மானிட்டரே சிறந்தது. எண்கள் தெளிவாகத் தெரியும்; நெடுநேரம் அமரலாம்; வரைபடம் கையில் இருக்கும்; துணைக்கு ஒருவர் அமரலாம். லிங்க்கின் பெட்டிக்கு ஜன்னலே இல்லை என்பதை நினைவில் கொண்டால், இந்தப் பயிற்சிக்குச் சிறிய மானிட்டரும் போதும் என்பது விளங்கும். கருவிப் பறப்பு பழகத் தொடங்குபவர் ஹெட்செட் இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை.

உயரத்தின் மதிப்பீட்டைப் பழக, அதாவது தளத்தைச் சுற்றிவந்து, தோளுக்குப் பின்னால் திரும்பிப் பாதையைப் பார்த்து, வளைந்து இறங்கித் தரையைத் தொட, ஹெட்செட்டே சிறந்தது. காட்சியின் அளவு உண்மையானது. ஓரக்கண்ணில் நிலம் விரைந்தோடுவது தெரியும். கழுத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வளரும். ஹெட்செட்டுக்கு வசதியில்லாதவர்க்கு நடுவழி ஒன்று உண்டு. தலையசைவைச் சாதாரண வெப்கேமால் உணர்ந்து திரையின் காட்சியைத் திருப்பும் ஓப்பன்டிராக் என்ற இலவச மென்பொருள் அது. இறங்கும் கட்டத்தில் பார்வைக் கோணத்தைத் திரையின் உண்மை அளவுக்குச் சுருக்கிக்கொண்டால் ஓடுபாதையும் தன் உண்மை அளவைத் திரும்பப் பெறும்.

அடையாளத்தைப் பழக இரண்டில் எதுவும் போதாது. ஆறு பிக்சலில் தெரியும் பாதை எது என்பதைக் கண் தீர்மானிக்க முடியாது. 1972இல் உண்மையான கண்களாலேயே முடியவில்லை. பார்த்த பாதையின் திசையைத் திசைகாட்டியோடும், தொலைவை வானொலி வழிகாட்டியோடும் ஒத்துப் பார்த்த பின்பே அதை நம்புவது என்ற ஒழுங்கே அதற்கு மருந்து. அந்த ஒழுங்கைக் கடையில் விற்பதில்லை. மலிவான கணினியிலும் அதைப் பழகலாம்.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது மானிட்டர். இறங்கும் கலையில் கருத்தூன்றும் காலம் வந்தபின் ஹெட்செட். சதர்லாந்தின் தலையணி கூரையிலிருந்து தொங்கிய காலத்திலிருந்து இன்றுவரை, பயிற்சிக்குத் தேவையானது எது என்று முதலில் கேட்டு, அதன் பிறகு கருவியைத் தேடியவர்களின் கையிலேயே பயிற்சி வளர்ந்திருக்கிறது. கருவியை முதலில் வாங்கிவிட்டு அதற்கொரு பயனைத் தேடியவர்களுக்கு எஞ்சியது, லிங்க்கின் பெட்டியைத் தொடக்கத்தில் வாங்கிய கேளிக்கைப் பூங்காவின் மகிழ்ச்சி மட்டுமே. அதிலும் பிழையில்லை, அது மகிழ்ச்சி என்று தெரிந்து வாங்கினால்.